கடாரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் அதைப் பற்றிய கதை காதில் விழும். பினாங்குத் தீவு, ஜோர்ஜ் டவுன். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனி வான், தமிழ் பேசும் வழிகாட்டி, சைவச் சாப்பாடு. அதோடு 'சோழர் வென்ற கடாரம்' ஒரு நாள். கூட்டத்தோடு கூட்டமாக அலையத் தேவையில்லை, பிள்ளைகள் தங்கள் இனத்தின் பெருமையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்கள்.

இந்தப் பயணத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வழிகாட்டியின்மேல் அந்த வழக்கு இல்லை. அவர் கேட்டதைக் காட்டுகிறவர், மாலையில் கைகொடுத்து அனுப்புகிறவர், அதில்தான் அவருடைய வீட்டு அடுப்பு எரிகிறது. கூட்டத்தோடு பஸ்ஸில் போனால் எங்கே நிற்பது, எதைத் தாண்டிப் போவது என்பதை இன்னொருவர் முடிவுசெய்கிறார். தனிப்பயணத்தில் அந்த முடிவு காசு கொடுக்கிறவருடையது. ஆகவே அந்த நகரத்தில் நாங்கள் எதைப் பார்க்காமல் திரும்பி வருகிறோமோ, அது நாங்கள் பார்க்க விரும்பாதது.

நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். காலையில் குவீன் வீதி மாரியம்மன் கோயில். பிறகு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, சுவரோவியங்களுக்கு முன்னால் படம். பின்னேரம் கெக் லோக் சி புத்த கோயிலும் மலை ரயிலும். அடுத்த நாள் பாலத்தைக் கடந்து கெடா மாநிலம், மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே மலையடிவாரத்தில் மீளக் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு கல் அடித்தளம். அதற்கு முன்னால் குடும்பம் வரிசையாக நிற்க, இது எங்கள் இராஜேந்திரன் வென்ற மண் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்வோம். அந்தப் படம் இரவே மெல்பேர்ண் குழுக்களுக்கு வந்துவிடும்.

முதலில் கடாரத்தையே பார்ப்போம். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது உண்மை. அவனுடைய மெய்க்கீர்த்தி ஊர் ஊராகப் பெயர் சொல்கிறது. கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததையும், அவன் சேர்த்து வைத்திருந்த செல்வத்தை அள்ளியதையும், நகரத்தின் தோரண வாசலைக் கைப்பற்றியதையும் அதுவே சொல்கிறது. ஒரு கடற்படை வந்தது, அடித்தது, எடுத்துக்கொண்டு போனது. அங்கே சோழர் நிலையாக இருந்து ஆண்டதற்குக் காட்டத்தக்க சான்று இல்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களை இராஜேந்திரன் கட்டினான் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அவை அந்த மண்ணின் மக்களும் அவர்களுடைய துறைமுகத்துக்கு வந்துபோன வணிகர்களும் சேர்ந்து உருவாக்கிய வழிபாட்டிடங்கள். கெடாவின் பழமையை முதலில் கெடாக்காரருக்கு விட்டுக்கொடுக்கும் மரியாதையாவது எங்களிடம் இருக்க வேண்டும்.

படையெடுப்புக்கு முன்னால் நடந்ததை எந்த நிரலும் சொல்வதில்லை. கடாரத்து அரசர் குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற புத்த விகாரையைக் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக் கொடுத்தவன் இராஜேந்திரனின் தகப்பன் இராஜராஜன். சைவ அரசன் ஒருவன் கடல் கடந்த பௌத்த அரசனின் விகாரைக்கு ஊர் கொடுத்த அந்தச் செய்தி லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. இருபது வருடங்களுக்குள் மகன் அதே கடாரத்தின்மேல் படை அனுப்பினான். பிறகு 1090இல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் செப்பேடு மறுபடி அந்த விகாரையின் உரிமைகளை உறுதிசெய்கிறது. நட்பும் வணிகமும் கொள்ளையும் மீண்டும் நட்புமாக ஒரு நூற்றாண்டு உறவு. அதில் கொள்ளையடித்த அந்த ஒரு வருடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பிள்ளைக்குப் பெருமை என்று ஊட்டுகிறோம்.

அதே பள்ளத்தாக்கில் பதினோராம் இலக்கச் சண்டி என்று அறியப்பட்ட பழைய கோயிலின் எச்சம் ஒன்று வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளப்பட்டது. 2013 கடைசியில் அது வெளியே தெரியவந்தபோது மலேசியாவில் பெரிய கொதிப்பு எழுந்தது. சோழப் பெருமை பேசும் எங்கள் குழுக்களில் அந்த இடிப்பைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? அது இராஜேந்திரனின் பெயரோடு ஒட்டவில்லை, ஆகவே எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூட நிகழ்ச்சிகளில் இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறார்கள். கேரம் டவுன்ஸ் பூனுரொங் மக்களின் நிலம் என்பதை எங்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். ஜனவரி 26 கொண்டாட்ட நாளா, படையெடுப்பு நாளா என்று அவர்களுடைய வகுப்பில் விவாதம் நடக்கிறது. கப்பலில் வந்து இன்னொருவருடைய கரையில் இறங்குவதற்குப் பெயர் என்ன என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய், இன்னொரு கரையில், எங்கள் ஆட்கள் இறங்கி அடித்த இடம் இது, கைதட்டு என்கிறோம். பிள்ளை ஒன்றும் கேட்காமல் இருந்தால், எங்கள் பேச்சைப் பிள்ளை பெரிதாக எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி ஜோர்ஜ் டவுனுக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானின் தீவைக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக எடுத்துக்கொண்டார். அவருடைய மகன் வில்லியம் லைட்தான் 1837இல் அடிலெய்ட் நகரத்தின் தெருக்களை அளந்து வகுத்தவர். கெடாவில் பிறந்தவர். அடிலெய்டில் மொன்டிஃபியோரி குன்றில் அவருடைய சிலை நிற்கிறது, நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆக, பினாங்கும் அவுஸ்திரேலியாவும் ஒரே கையால் வரையப்பட்ட காலனி வரைபடத்தின் இரண்டு மூலைகள். இரண்டு மூலைகளுக்கும் கைதிகளைக் கப்பலேற்றினார்கள்.

ஆங்கிலக் கைதிகள் சிட்னிக்கும் டஸ்மேனியாவுக்கும் வந்தது எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கைதிகள் இருந்த பதினொரு இடங்களை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. போர்ட் ஆர்தருக்குப் போய் அறை அறையாகப் பார்த்து, ரொட்டி திருடியவனுக்கு ஏழு வருடமா என்று உச்சுக்கொட்டிவிட்டு வருகிறோம். பினாங்கும் கைதிகளின் தீவுதான். 1790கள் தொட்டு இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் கைதிகளைக் கம்பனி அங்கே அனுப்பியது. சென்னை மாகாணத்தவரும் அவர்களில் இருந்தார்கள். தெருக்கள் போட்டது, சதுப்பை நிரப்பியது, கோர்ன்வாலிஸ் கோட்டைக்குக் கல்லும் செங்கல்லும் சுமந்தது, 1818இல் முடிந்த சென்ற் ஜோர்ஜ் தேவாலயத்தைக் கட்டியது எல்லாவற்றிலும் அந்தக் கைகள் இருக்கின்றன. ஜோர்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008இலேயே மலாக்காவோடு சேர்த்துப் பட்டியலிட்டது. அங்கே வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் படம் எடுக்கிறோம், தூணைத் தூக்கி நிறுத்தியவனைக் கேட்பதில்லை. வெள்ளைக் கைதிக்கு உச்சுக்கொட்டத் தெரிந்த எங்களுக்குச் சொந்தக் கைதி என்றால் கூச்சம்.

அரசர்கள்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு கதை அங்கே இருக்கிறது. 1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, பாளையக்காரர் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கம்பனி 1802 பெப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது. அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன், பதினைந்து வயதளவான பையன். எங்கள் பிள்ளைகளின் வயது. தோற்றவர்கள் என்பதாலோ என்னவோ, அந்தப் பையன் இறக்கப்பட்ட கரையில் எந்தத் தனி வானும் நிற்பதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய வெற்றி நினைவிருக்கிறது, இருநூறு வருடத்துக்கு முந்திய எதிர்ப்பு நினைவில்லை.

கைதிகளுக்குப் பிறகு கூலிகள் வந்தார்கள். தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் நிலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். பிறகு றப்பர் வந்தது, கங்காணி முறை வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது. கங்காணி வழியாக ஆள்சேர்ப்பதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. இடைப்பட்ட நூறு வருடத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்கள் முதலில் தொட்ட கரை பினாங்கு. நோய் கண்டவர்களையும் சந்தேகத்துக்குரியவர்களையும் தடுத்துவைத்தது ஜெரெஜாக் தீவில். கெடா போகும் வழியில் பினாங்குப் பாலத்தில் ஏறினால் அந்தப் பச்சைத் தீவு கண்ணில் படும். வழிகாட்டியிடம் இது என்ன தீவு என்று கேட்டால் பதில் சொல்லுவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வானுக்குள் பெரும்பாலும் இராஜேந்திரனைப் பற்றிய யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூலிகளின் பிள்ளைகளைத்தான் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீற்றர் பாதை, 1943 ஒக்டோபரில் முடிந்தது. அதில் இறந்த ஏறத்தாழ 2,800 அவுஸ்திரேலியப் போர்க்கைதிகளை இந்த நாடு ஒவ்வொருவராக எண்ணி வைத்திருக்கிறது. அவர்களைக் காக்கப் போராடிய வைத்தியர் வியரி டன்லொப்பின் சிலை மெல்பேர்ணில் நிற்கிறது. அன்சாக் நாள் விடியலில் எங்கள் பிள்ளைகளும் போய் நிற்கிறார்கள். அதே பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்ட ஆசியத் தொழிலாளருக்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை, வரிசையான கல்லறைகளும் இல்லை. அவர்களில் எங்கள் மொழி பேசியவர்கள் எத்தனையோ பேர். மலேசியாவுக்கு 'எங்கள் வரலாறு' பார்க்கப் போகிறோம் என்று சொல்லுகிறவர்கள், இந்த வரலாறு எந்த நாளின் நிரலில் இருக்கிறது என்று சொல்லட்டும்.

ஏன் இந்த மறதி? இங்கே யாழ்ப்பாணத்தவரான எங்களுக்கு நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மலாயா எங்களுக்குப் புதிய ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எங்கள் பாட்டன்மார் ஆங்கிலம் படித்துவிட்டு ரயில்வேக்கும் நில அளவைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அங்கே போனார்கள். 'மலாயன் பென்சனியர்' என்பது ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பதற்கான தகுதி. அந்தப் பென்சனில் எழுந்த கல்வீடுகளும் கிணறுகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. யாழ்ப்பாண நகரத்தில் 'மலாயன் கபே' என்ற பெயரில் ஒரு சாப்பாட்டுக்கடையே இருக்கிறது. தோட்டங்களில் கிராணியாகவும் டிரெஸராகவும் இருந்து பிரட்டுக்களத்தில் கூலியின் பெயர் வாசித்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். துரைக்கும் கூலிக்கும் நடுவில் ஒரு நாற்காலி எங்களுக்குக் கிடைத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் லயத்துப் பக்கம் போய்ச் சாப்பிட்டதில்லை, சம்பந்தம் வைத்ததில்லை. ஊரிலும் மலையகத் தமிழரோடு நாங்கள் அப்படித்தான் நடந்துகொண்டோம். அதே கங்காணி, அதே லயம், அதே ஒதுக்கம்.

கூலியின் கதையைத் திறந்தால் கிராணியின் கதையும் வெளியே வரும். சோழன் வசதியானவன். அவனைப் பற்றிப் பேசும்போது யாரும் உங்கள் பாட்டன் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்கப்போவதில்லை. ஆயிரம் வருட தூரம் எல்லாவற்றையும் கழுவிவிடும். பெருமை என்ற பெயரில் நாங்கள் வாங்குவது இந்த வசதியைத்தான்.

விடுபடுகிறவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. குவீன் வீதிக் கோயிலிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சில நிமிட நடை. கோயிலுக்குரிய நிலம் கொடுக்கப்பட்டதும் பள்ளிவாசல் தொடங்கியதும் ஒரே ஆண்டுதான், 1801. கோயில் 1833இல் எழுந்தது. பள்ளிவாசலைத் தொடங்கியவர் காதர் மொஹிதீன், தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கம்பனி ஏற்றுக்கொண்டவர். அருகே சூலியா வீதியில் நாகூர் தர்கா ஒன்று, நாகூரிலிருந்து கொண்டுவந்த பக்தியோடு நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு வந்து கடை போட்ட முதல் தமிழரில் பெரும்பகுதி இவர்கள். பள்ளிவாசலின் பெயரில் உள்ள 'கெலிங்' இன்று அங்குள்ள தமிழரைக் கூனவைக்கும் வசைச்சொல். ஒரு சமூகத்தின் மரியாதைப் பட்டம் எப்படி வசையாக மாறியது என்பதைப் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் வான் அந்த வாசலைப் பெரும்பாலும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறது. அது 'எங்கள்' நிரலில் இல்லையாம்.

சொல்லப்படும் மறுப்புகளை நான் அறியாதவன் அல்ல. "விடுமுறைக்குப் போற இடத்தில உந்த அழுகைக் கதையள் ஏன்? சந்தோசமாப் போய்வர விடுங்கோவன்" என்பார்கள். அப்படியானால் சந்தோசமாகவே போங்கள். கடற்கரை இருக்கிறது, லக்சா இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதை வரலாற்றுப் பயணம் என்று சொல்லாதீர்கள். வரலாறு என்று பெயர் வைத்த பிறகு பாதியை மறைப்பதுதான் குற்றம். போர்ட் ஆர்தரில் அழுகைக் கதை பொறுக்கிறது என்றால் பினாங்கிலும் பொறுக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. சொந்த நாட்டில் தோற்று, நிலம் இழந்து, இங்கே சிறுபான்மையாக வாழும் சமூகத்துக்கு நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒரு பெருமை வேண்டும். கூலி, கைதி என்று சொல்லிப் பிள்ளைகளை இன்னும் குனிய வைப்பதா? தேவை உண்மையானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மருந்துதான் பிழை. பள்ளியில் நிறத்தைச் சொல்லி யாராவது சீண்டினால் இராஜேந்திரனின் கப்பல் பிள்ளைக்கு உதவாது. ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் எப்படி ஊர் அமைத்தார்கள் என்ற அறிவு உதவும். கேரம் டவுன்ஸ் கோயிலையே எடுங்கள். 1994இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. அதைக் கட்டியது யார் என்று கேட்டால் எந்த அரசனின் பெயரும் வராது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள், மடைப்பள்ளியில் நின்றவர்கள், கூட்டம் கூட்டமாகக் கணக்குப் பார்த்தவர்கள் வருவார்கள். குவீன் வீதிக் கோயிலும் அப்படித்தான் எழுந்தது, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கடைக்காரரும் கொடுத்த காசில். எங்களுக்கு நெருங்கிய சொந்தம் கங்கைகொண்டசோழபுரத்தில் இல்லை, பினாங்குக் கப்பல்துறையில்தான் இருக்கிறது. அந்தச் சொந்தத்தைச் சொல்ல ஏன் வெட்கம்?

தனிப்பயணத்தின் நன்மையை இதற்கே பயன்படுத்தலாம். செலவு கூடாது, நாளும் கூடாது. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காலையில் கப்பல்துறையில் தொடங்குங்கள், யார் யார் இங்கே இறங்கினார்கள் என்ற கேள்வியோடு. கோர்ன்வாலிஸ் கோட்டையில் கைதிகளைக் கேளுங்கள், துரைசாமியின் பெயரை அங்கே நின்று சொல்லுங்கள். கோயிலுக்குள் போகும் அதே காலோடு பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் போங்கள். செட்டிமாரின் கிட்டங்கிகள் இருந்த தெருவில் வட்டியும் றப்பரும் எப்படிக் கைகோத்தன என்று விசாரியுங்கள். புறப்படுமுன் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் வீட்டில் ஒருவராவது வாசித்துவிட்டுப் போகலாம். பாலத்தில் ஜெரெஜாக்கைக் காட்டுங்கள். செபராங் பிறையில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இறங்கி, அங்கே இருக்கும் பெரியவர் பேச விரும்பினால் அரை மணி நேரம் கேட்டுவிட்டு வாருங்கள். மெர்போக்கில் அருங்காட்சியகத்துக்குள் போகும்போது கடாரத்தவரின் பக்கத்தில் நின்று 1025ஐ ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மேலதிகமாக ஒரு டொலரும் கேட்கமாட்டார்கள். ஜோர்ஜ் டவுனின் தமிழ் வழிகாட்டிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லாமலா இருப்பார்கள்? தங்கள் பாட்டியின் கதையைக் கேட்கும் குடும்பம் வந்தால் அவர்கள் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆகவே அடுத்த விளம்பரம் உங்கள் குழுவில் வந்தால், ஆளுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நிரலை அனுப்பச் சொல்லுங்கள். அதில் கைதியும் கூலியும் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் பத்துக் குடும்பமானால் விளம்பரமே மாறிவிடும்.